மட்டக்களப்பில் வீட்டு வளவில் காட்டுப்பூ விதைக்க முன்பு பசளை இட வேண்டுமா?

வேண்டாம், பசளை இட்டால் காரியம் கெடும். தழைச்சத்து மிகுந்த நிலத்தில் புற்கள் விரைந்து உயர்ந்து பூச்செடிகளை நிழலில் அமுக்கிவிடும் என்பதால்தான், 1930களுக்குப் பின் பூம்புல்வெளிகளில் ஏறத்தாழ 97 சதவீதத்தை இழந்த இங்கிலாந்திலும் வேல்சிலும், அவற்றை மீட்போர் பல இடங்களில் வளமான மேல்மண்ணை வழித்தெடுத்த பின்பே விதைக்கின்றனர். ஆகவே எமது கரையோர மணல் நிலம் இவ்விடயத்தில் ஒரு குறையே அன்று.

ஆனால் அந்நாட்டு விதைப் பொதிகளை வாங்காதீர்கள். குளிர்நாட்டுச் செடிகள் எமது ஆடி மாதக் கச்சான் காற்றைத் தாங்கா. வயல் வரம்புகளில் தாமாக முளைக்கும் தும்பை, விட்டுணுகிராந்தி போன்றவற்றின் முற்றிய விதைகளைச் சேர்த்து, களை அகற்றி மேலாகக் கிளறிய மண்ணில், மாரிக்கு முன்னர் புரட்டாதி இறுதியில் தூவி மிதித்துவிட்டால் போதும். ஓரத்தில் நிற்கும் எருக்கலையைப் பலர் வெட்டி எறிவது வீண்வேலை: கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரியோடிய புழுவொன்று அதன் இலையைத் தின்றே செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியாகிறது. பாத்தீனியம் என்னும் நச்சுக் களையை மட்டும், கையுறை அணிந்து, பூக்குமுன் வேரோடு பிடுங்குங்கள்.

செடிகள் விதை கொட்டிய பின், பங்குனியளவில் ஒருமுறை புல்லை வெட்டி வளவிலிருந்து அகற்றிவிடுங்கள். அங்கேயே உக்கவிட்டால் அதுவே பசளையாகிவிடும்.