இரண்டு நாளில் அலைமேல் நிற்க முடியுமா?

கேள்வி: சிட்னியில் முதுநிலைப் படிப்புக்கு வந்திருக்கிறேன், வயது 24. வகுப்புத் தோழிகளோடு மார்ச் மாதம் ஜெரோவா கடற்கரையில் நடக்கும் வார இறுதி சர்ஃபிங் (அலைச்சறுக்கு) முகாமுக்குப் பணம் கட்டிவிட்டேன். நீச்சல் குளத்தில் 25 மீட்டர் நீந்துவேன். கடல் என்றால் மெரினாவில் கால் நனைத்ததோடு சரி. கண்ணாடி போடுபவள், பவர் மைனஸ் 4. இரண்டு நாளில் கற்றுக்கொள்ள முடியுமா? எப்படித் தயாராவது? முகாம் முடிந்ததும் தோழிகளோடு வாடகைப் பலகை எடுத்துப் போகலாமா?

பதில்: தைரியமாகப் போய் வாருங்கள். பலகைமேல் நாலைந்து விநாடி நின்றுவிடுவீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் நாளே நின்றுவிடுகிறார்கள். ஆனால் அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். அடிபடாமல் விழுவது, விழுந்த பிறகு பதறாமல் பலகையைப் பிடிப்பது, கடல் எங்கே உள்ளே இழுக்கிறது என்று கரையில் நின்றே கண்டுபிடிப்பது ஆகிய மூன்றும் கைவந்தால் கட்டிய பணத்துக்கு மேலேயே கிடைத்துவிட்டது.

இடம் நல்ல இடம். சிட்னிக்குத் தெற்கே சுமார் இரண்டு மணி நேரப் பயணம். அங்கிருக்கும் செவன் மைல் பீச் நீண்ட மணல் கரை, சரிவும் மெதுவானது. அலை தள்ளியே உடைந்து, இடுப்பளவு தண்ணீரில் வெறும் நுரையாக உருண்டு வரும். புதியவர்கள் பழகுவது அந்த நுரையில்தான். மெரினாவில் இறங்காதே என்று வீட்டில் சொன்னது சரியான பேச்சு. அந்தக் கரை சட்டென்று ஆழமாகிவிடும். அங்கே பிடித்த பயத்தை அப்படியே இந்தக் கரைக்கும் கொண்டுவர வேண்டியதில்லை.

உங்கள் நீச்சலைப் பற்றி முகாம் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ‘நன்றாக நீந்துவேன்’ என்று கூச்சத்தில் எழுதிவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. உண்மை தெரிந்தால் பயிற்சியாளர் உங்களை அருகிலேயே வைத்துக்கொள்வார். ஆஸ்துமா, பழைய தோள் காயம் இருந்தால் அதையும் எழுதுங்கள். இன்னும் சில வாரம் இருக்கிறது. குளத்துக்குப் போய் 50 மீட்டர் நிற்காமல் நீந்தப் பழகுங்கள். அதைவிட முக்கியம், கால் எட்டாத ஆழத்தில் மல்லாந்து இரண்டு நிமிடம் மிதப்பது. கடலில் உயிரைக் காப்பது வேகமான நீச்சல் அல்ல, இந்த மிதப்புதான்.

ஏன் என்று சொல்கிறேன். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எப்படியாவது கடலுக்குத் திரும்ப வேண்டும். மணல் திட்டுகளுக்கு நடுவே பள்ளம் இருந்தால் அந்த வழியாக ஓடும். ஆஸ்திரேலியாவில் இதை ‘ரிப்’ என்பார்கள். சுறா என்றால் எல்லோரும் நடுங்குகிறார்கள். அங்கே சுறாவால் சாகிறவர்களைவிட ரிப்பில் சாகிறவர்கள் பல மடங்கு அதிகம். கொடுமை என்னவென்றால், புதியவர் கண்ணுக்கு அதுதான் பத்திரமான இடமாகத் தெரியும். இரண்டு பக்கமும் வெள்ளையாக அலை உடைய, நடுவில் மட்டும் கருத்த நிறத்தில் தண்ணீர் அமைதியாக இருக்கும். ‘இங்கே அலையே இல்லையே, இறங்கலாம்’ என்று தோன்றும். கூடாது. முதல் நாள் காலை தண்ணீரில் கால் வைக்கும் முன் பத்து நிமிடம் கரையில் நின்று பாருங்கள். ரிப் எங்கே இருக்கிறது என்று பயிற்சியாளரிடம் நீங்களே காட்டி, சரியா என்று கேளுங்கள். ஒருவேளை சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள். பலகையை விடாமல் அதன்மேல் படுத்து, ஒரு கையை உயர்த்தி உதவி கேளுங்கள். அந்தப் பலகை உங்களை மிதக்க வைக்கும்.

அடுத்து விழுவது. நூறு முறை விழுவீர்கள், அதனால் இதைச் சரியாகப் பழகுங்கள். தலை முன்னால் போகிற மாதிரி பாயவே கூடாது; ஆழம் குறைந்த இடத்தில் கழுத்து முறியும். பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோ, தட்டையாக விழுங்கள். கணுக்காலில் பலகையோடு கட்டியிருக்கும் கயிறு ரப்பர் மாதிரி இழுபட்டுத் திரும்பும், பலகை முகத்துக்கு நேரே வரலாம். ஆகவே இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு மேலே வாருங்கள். பலகையைத் தள்ளிக்கொண்டு கடலுக்குள் நடக்கும்போது அதை உடம்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் வருகிற அலைக்கும் நடுவில் குறுக்கே வைத்தால் அலை அதைத் தூக்கி உங்கள் மேலேயே அடிக்கும். கயிற்றைக் கையில் சுற்றவே சுற்றாதீர்கள், விரல் போய்விடும்.

எழுந்து நிற்பதை அறையிலேயே பழகலாம். பாயில் குப்புறப் படுத்து, உள்ளங்கைகளை விலா எலும்புக்குப் பக்கத்தில் ஊன்றி, ஒரே மூச்சில் எழுந்து பக்கவாட்டாக நில்லுங்கள். முட்டி போட்டு எழும் பழக்கம் வந்துவிட்டால் அப்புறம் மாற்றுவது கடினம். தினம் 20 முறை செய்தால் போதும். எந்தக் கால் முன்னால் வருகிறதோ அது உங்கள் இயல்பு. இடது கால் முன்னால் வந்தால் ரெகுலர், வலது கால் வந்தால் கூஃபி. பலகைமேல் மிகவும் முன்னால் படுத்தால் அதன் மூக்கு, அதாவது முன் நுனி, தண்ணீரில் குத்திக் கவிழும், மிகவும் பின்னால் படுத்தால் அலை உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். மூக்கு தண்ணீருக்கு மேல் இரண்டு மூன்று விரற்கடை தெரிந்தால் சரியான இடம். எழும்போது பார்வை கரையில் இருக்கட்டும். காலைப் பார்த்தவர்கள் காலடியிலேயே விழுவார்கள். 8 அல்லது 9 அடி நீளத்தில், மெத்தென்ற ஃபோம் பலகை கொடுப்பார்கள். தோழி ஒருத்தி சின்னப் பலகை கேட்டாலும் நீங்கள் கேட்காதீர்கள்.

மைனஸ் 4 என்றால் கண்ணாடி இல்லாமல் அலை உடைவது மங்கலாகத்தான் தெரியும். கண் மருத்துவரிடம் கேட்டு, ஒரு நாள் போட்டு எறியும் லென்ஸ் வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் தண்ணீரை விட்டு வந்ததும் கழற்றி எறிந்துவிடுங்கள், ஏனென்றால் தண்ணீரில் இருக்கும் கிருமி லென்ஸுக்கு அடியில் தங்கினால் கண்ணுக்கு ஆபத்து. அதனால் சில மருத்துவர்கள் வேண்டாம் என்றே சொல்வார்கள். அப்படிச் சொன்னால் பவர் போட்ட நீச்சல் கண்ணாடி எடுத்துப்போங்கள், நுரை அலைக்கு அது போதும். பயிற்சியாளரிடமும் சொல்லிவிடுங்கள், தூரத்திலிருந்து சைகை காட்டாமல் கிட்டே வந்து பேசுவார்.

உடை பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் பலர் மனதில் வைத்துத் தயங்கும் விஷயம். அங்கே போடும் வெட்சூட் என்ற ரப்பர் நீச்சல் உடை கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும். ஜிப் முதுகுப் பக்கம் வர வேண்டும். மார்ச்சில் தண்ணீர் 22 டிகிரி வாக்கில் இருக்கும், குளிர் ஒரு பிரச்சினை இல்லை. வெயில்தான் பிரச்சினை. நம் தோல் கருக்காது என்று நினைக்காதீர்கள். எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன் கிரீமை 20 நிமிடம் முன்னதாகப் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். தலைமுடியை இறுக்கிப் பின்னிக்கொள்ளுங்கள். ஜெல்லிமீன் மாதிரி இருக்கும் நீல நிறச் சொறிமீன், அங்கே புளூபாட்டில் என்பார்கள், கொட்டினால் கொட்டிய இடத்தைக் கடல் தண்ணீரால் கழுவி, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் 20 நிமிடம் வையுங்கள். இந்தச் சொறிமீன் கொட்டியதற்கு வினிகர் வேண்டாம்.

ஞாயிறு காலை தோளும் விலாவும் வலிக்கும், எழவே மனம் வராது. எழுந்து போங்கள். முதல் நாள் உடம்பு குழம்பியதெல்லாம் இரண்டாம் நாள்தான் சேர்ந்து வரும்.

கடைசிக் கேள்விக்கு: போகலாம், ஆனால் உயிர்காப்புக் காவலர்கள் (லைஃப்கார்ட்) இருக்கும் கரைக்கு, காவல் நேரத்தில் மட்டும். சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே இருப்பது குளிப்பவர்களுக்கான இடம், பலகையோடு அங்கே நுழையக் கூடாது. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடி பலகைக்கான எல்லையைக் காட்டும். எந்தக் கொடியும் புரியவில்லை என்றால் காவலரிடம் போய், ‘நான் புதிது, எங்கே இறங்கட்டும்?’ என்று கேளுங்கள். தினமும் கேட்கப்படும் கேள்விதான், சந்தோஷமாகக் காட்டுவார்கள். அலை உங்கள் இடுப்புக்கு மேல் இருந்தால் அன்றைக்குப் பலகையை வாடகைக்கு எடுக்காதீர்கள்.