இன்றைய 200 பெக்கரலிலிருந்து பழைய டோஸைக் கணக்கிடுவது

உங்கள் அண்ணனின் உடலை அளந்த அறிக்கையில் இன்று 200 பெக்கரல் (நொடிக்கு 200 அணுச்சிதைவு) சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது, அதிலிருந்து அவர் வாங்கிய மொத்தக் கதிர்வீச்சு டோஸ் எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். அந்த 200-ஐ நேராக, ஒரு பெக்கரலுக்கு 0.013 மைக்ரோசீவர்ட் (டோஸின் அலகு) என்ற கெழுவால் பெருக்கி 2.6 என்று போட்டதுதான் தவறு. அந்தக் கெழு உடலுக்குள் போன மொத்த அளவுக்கானது, இன்று மிச்சமிருப்பதற்கானது அல்ல.

உங்கள் அண்ணன் கோத்தகிரிக்குத் திரும்புமுன் ஒரே ஒருமுறை, 330 நாட்களுக்கு முன் சீசியம்-137 விழுங்கியதாகச் சொல்கிறீர்கள். அதில் 10 சதவீதம் சீக்கிரமே, இரண்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகி, வெளியேறிவிடும். மீதி 90 சதவீதம் சுமார் 110 நாளுக்கு ஒருமுறை பாதியாகும். மூன்று முறை பாதியானால் 0.9 × 1/8 = 0.1125. 200-ஐ அதால் வகுத்தால் உள்ளே போனது ஏறக்குறைய 1,780 பெக்கரல். டோஸ் 23 மைக்ரோசீவர்ட். பயப்பட வேண்டிய அளவே இல்லை.

சரிபார்க்க, 110 நாள் கழித்து குளித்து உடை மாற்றி அதே கருவியில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். 100-ஐ ஒட்டி வர வேண்டும். குறையவில்லையென்றால் இப்போதும் ஏதோ உள்ளே போகிறது. காட்டுக் காளான் சாப்பிடுகிறாரா என்று முதலில் கேளுங்கள். 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகளில் உலகெங்கும் மழையோடு இறங்கிய சீசியம் மலைக்காட்டு மண்ணில் இன்னும் தங்கியிருக்கும், சில காளான்கள் அதை நன்றாகச் சேர்த்துவைக்கும்.

அறிக்கையில் உள்ள 4,000 பெக்கரல் பொட்டாசியம்-40 இயற்கையாகவே எல்லார் உடம்பிலும் இருக்கும் கதிரியக்கப் பொருள். அதைச் சேர்க்காதீர்கள்.

ஒன்று கவனம்: 110 நாள் என்பது சராசரிதான். அவருக்கு அது 80 நாளாக இருந்தால் உள்ளே போனது ஏறக்குறைய 3,900 பெக்கரலாகிவிடும்; சீக்கிரம் வெளியேறுவதால் கெழுவும் ஏறக்குறைய அதே விகிதத்தில் (80/110) குறையும், எனவே விடை சுமார் 37 மைக்ரோசீவர்ட்டாகிவிடும். தூசியாக மூச்சில் போயிருந்தால் கெழுவே வேறு.