விமான வாசலோடு அந்தப் பாலம் எப்படி ஒட்டிக்கொண்டு நிற்கிறது?

விமான நிலையக் கட்டடத்திலிருந்து விமானத்துக்குள் நடந்துபோகிற அந்தப் பாலம் ஒட்டுவதே இல்லை. தொட்டுக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஏறும்போது பாலத்துக்கும் வாசலுக்கும் நடுவில் விரல் போகிற அளவு இடைவெளி பார்த்துப் பயந்ததாகவும், திரும்பி வந்த அன்று பாலமே இல்லாமல் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோனதாகவும் கேட்டவர் எழுதியிருக்கிறார். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

இப்போது வெள்ளவத்தையில் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஆறு வருடம் வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்தில் அந்தப் பாலத்தை ஓட்டுவதுதான் என் வேலை. ஓட்டுவது என்றுதான் சொல்வோம். அதற்கு டயர் இருக்கிறது. அடுத்த முறை கண்ணாடி வழியாகக் குனிந்து பாருங்கள், முன்பாதிக்குக் கீழே இரண்டு உயரமான தூண்களும் அவற்றின் அடியில் தடித்த டயர்களும் தெரியும். கட்டடத்துப் பக்கம் ஒரு வட்ட அறை இருக்கும், அந்த முனை மட்டும் நகராது. அங்கிருந்து இரண்டு மூன்று பெட்டிகள் ஒன்றுக்குள் ஒன்று, தீப்பெட்டிக்குள் உள்பெட்டி போகிற மாதிரி நீண்டு சுருங்கும். தூண்கள் அதை ஏற்றி இறக்கும். ஏ320 விமானத்தின் வாசல் தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றரை மீற்றர், ஏ380இன் மேல்தட்டு எட்டு மீற்றர் அளவில். நுனியில் ஆர்மோனியத் துருத்தி போல மடிப்பு மடிப்பாக ஒரு கூடாரம். மழை உள்ளே வராமல் அது விமானத்தின் உடம்பில் சாய்ந்துகொள்ளும்.

விமானத்தின் இயந்திரம் நின்று, அதன் சிவப்பு விளக்கு அணைந்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகுதான் பாலத்தை அசைப்போம். கடைசி ஒரு மீற்றரில் அங்குலம் அங்குலமாகத்தான் போக வேண்டும். ரப்பர் விளிம்பு மெல்லத் தொட்டதும் நிறுத்திவிடுவோம். பாலத்தின் தரையை விமானத்தின் தரையைவிடச் சற்றுத் தாழ்வாகத்தான் வைப்போம், ஏனென்றால் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது. நீங்கள் ஏறும்போது கால் தட்டுகிற அந்தச் சின்னப் படி அதற்காகத்தான்.

இனித்தான் முக்கியமான விஷயம். நிற்கிற விமானம் சும்மா நிற்காது. ஆட்களும் பெட்டிகளும் இறங்கினால் மேலே எழும்பும், எரிபொருளும் சாமானும் ஏறினால் கீழே அமிழும். ஏ320 போன்ற சின்ன விமானத்துக்கே டாங்கி நிரம்பினால் 18 தொன் அளவில் எரிபொருள் பிடிக்கும். அத்தனை பாரம் ஏறும்போது பாலம் அசையாமல் நின்றால் என்ன ஆகும்? அதற்காகப் பாலத்தின் நுனியிலிருந்து ஒரு கை நீண்டு, அதிலுள்ள குட்டிச் சக்கரம் விமானத்தின் உடம்பில் சாய்ந்திருக்கும். விமானம் அமிழ்ந்தால் சக்கரம் உருளும், உடனே மோட்டார் பாலத்தையும் அதே அளவு இறக்கும். பாலத்தில் நடக்கும்போது காலடியில் 'டுக்' என்று ஒரு அசைவு வருமே, அது இந்த வேலைதான். இறுக்கி ஒட்டிவிட்டால் இதெல்லாம் நடக்காது. நீங்கள் பயந்த இடைவெளி இருக்கத்தான் வேண்டும்.

என் முதல் வருடத்தில் ஒருநாள் அந்தத் தானியங்கி முறைக்குச் சாவியைத் திருப்ப மறந்துவிட்டேன். கதவின் அடியில் வைக்க வேண்டிய பாதுகாப்புக் கட்டையையும் வைக்கவில்லை. அது கதவு அழுத்தியதும் பாலத்தைத் தானாகவே இறக்கிவிடும். நான் கூடாரத்துக்குள் நின்று யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தேன். கீழே பெட்டிகள் ஏறுகின்றன, எரிபொருள் ஏறுகிறது. கதவின் அடிவிளிம்பு பாலத்தின் தரையில் 'கறக்' என்று உட்கார்ந்த சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. பாலத்தை இறக்கி, பொறியியலாளர் வந்து பிணைச்சலைத் தடவித் தடவிப் பார்த்து, விமானம் நாற்பது நிமிடம் தாமதம். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். அதற்குப் பிறகு சாவியைத் திருப்பாமல் நான் வாய் திறந்ததில்லை.

சரி, பஸ் ஏன்? ஒரே நேரத்தில் நிறைய விமானங்கள் வந்தால் பாலங்கள் போதாது. அப்புறம் பாலத்துக்கு விமானக் கம்பனி கட்டணம் கட்ட வேண்டும். மலிவு விலைக் கம்பனிகள் பல ஏணியையே விரும்பும், காசு மிச்சம். முன்னும் பின்னும் இரண்டு ஏணி போட்டால் ஆட்களும் கெதியாக ஏறி இறங்குவார்கள். பாலம் என்கிற யோசனை புதிதும் அல்ல, லண்டனுக்கு அருகிலுள்ள கட்விக்கில் 1936இலேயே தண்டவாளத்தில் நீண்டு விமானம் வரை போகும் மூடிய நடைபாதைகள் இருந்தன.

ஏடிஆர் போன்ற சின்ன விமானங்களுக்குப் பாலமே தேவையில்லை. கதவு தரைக்குப் பக்கத்தில், கதவோடு சேர்ந்தே படியும் வரும். அம்மம்மாவை ஒருமுறை கட்டுநாயக்கவால் சென்னைக்குக் கூட்டிப்போனேன். விமான வாசலில் சக்கர நாற்காலியிலிருந்து எழும்பியவர் இடைவெளியைப் பார்த்து, "தம்பி, இதுக்குள்ள கால் போகாதே?" என்று என் கையை நெரித்தார். நான் மேலே எழுதியதெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வலது காலை முன்வைத்து, புது வீட்டுக்குள் போவது போலத்தான் போனார். திரும்பும்போது சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு ஏடிஆரில் வந்தோம். முழங்கால் நோவோடு ஒவ்வொரு படியாக, வெயிலில் இறங்கினார். இதுதான் நல்லதாம், கீழே நிலம் தெரிகிறதாம்.