லாரி வராத சாலை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தென் பிரான்சின் நீம் நகரத்தில் நர்ஸாக இருந்த பதினான்கு வருடங்களைப் பற்றிப் போன இதழில் எழுதியபோது, லீவு நாட்களில் சைக்கிளில் கிராமம் கிராமமாகச் சுற்றியதை இரண்டே வரியில் சொல்லியிருந்தேன். அந்த இரண்டு வரிக்குத்தான் இந்த மாதம் அதிகக் கடிதங்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் சைக்கிளுக்கே.

*அக்கா, என் மகன் மொன்பெலியேவில் படிக்கிறான். ஏப்ரல் கடைசியில் மூன்று வாரம் அவனோடு தங்கப் போகிறேன். எனக்கு 52 வயது. இங்கே விடிகாலை ஐந்தரைக்குச் சைக்கிளை எடுத்தால் ஏழு மணிக்குள் திரும்பிவிடுவேன். கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் அதுவும் கிடையாது. பயமில்லாமல் ஓட்ட அங்கே எங்கே போவது?*
— வாசகி, செந்தாந்த்ரே, ரெயூனியன்

நாம் கஷலோ என்று சொல்லும் அந்தக் கரும்பு லாரி பின்னால் வரும்போது முதுகு எப்படி விறைத்துக்கொள்ளும் என்று எனக்கும் தெரியும் சகோதரி. அந்த விறைப்பு முதலில் போகட்டும். அதற்கு முதல் வாரம் வோனாஜ் பாதையில் ஓட்டுங்கள். நீம் நகருக்கு மேற்கே 10 கிலோமீட்டரில் கவேராக் என்ற ஊர். அங்கிருந்து சோமியேர் வரை ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம் அது. தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும் விட்டிருக்கிறார்கள். 'வுவா வெர்த்', அதாவது பசுமைப் பாதை, என்று பலகை இருக்கும். ரயில் செங்குத்தாக ஏறாது, அதனால் இந்தப் பாதையிலும் முழங்காலை வருத்தும் ஏற்றம் கிடையாது. இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், ஒலிவ மரங்கள். சில இடங்களில் சுண்ணாம்புப் பாறையை வெட்டி வழி விட்டிருப்பார்கள், அந்த வெட்டுக்குள் நுழைந்ததும் உங்கள் செயின் ஓடும் சத்தமே உங்களுக்குக் கேட்கும். கொஞ்ஜெனியில் பழைய ஸ்டேஷன் கட்டிடம் இன்னும் நிற்கிறது. முதல் நாள் அங்கே இறங்கி உட்காருங்கள்.

சோமியேருக்குச் சனிக்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தால் சந்தை இருக்கும். விதூர்ல் ஆற்றின் மேல் ரோமானியர் கட்டிய பாலம் ஒன்று உண்டு. அதன் வளைவுகளில் பாதி ஊருக்குள் வீடுகளுக்கு அடியில் மறைந்து கிடக்கிறது. பாலத்தின் மேலேதான் நிற்கிறோம் என்று தெரியாமலே நான் பல தடவை தக்காளி வாங்கியிருக்கிறேன்.

இரண்டாவது வாரம் உண்மையான சாலைக்கு வாருங்கள். எந்தச் சாலை என்று நான் ஒரு பட்டியல் போட்டுக் கொடுப்பதைவிட, தேடும் விதத்தைச் சொல்லிக் கொடுக்கிறேன். புத்தகக் கடையில் மிஷ்லான் வட்டார வரைபடம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சிவப்பு பெரிய சாலை, மஞ்சள் நடுத்தரம், வெள்ளை சின்னது. வெள்ளைக் கோட்டில் பச்சை ஓரம் இருந்தால் கண்ணுக்கு அழகான வழி. சாலையின் குறுக்கே சின்ன அம்புக்குறி ஒன்று இருந்தால் 5 முதல் 9 சதவீத ஏற்றம், இரண்டு இருந்தால் 9 முதல் 13, மூன்று இருந்தால் அதற்கும் மேல். மூன்று அம்பைப் பார்த்தால் வேறு வழி பாருங்கள்.

அப்புறம் இதுதான் முக்கியம். ஒரு சாலை ஏன் அமைதியாக இருக்கிறது? பெரும்பாலும், பக்கத்திலேயே அதைவிட வேகமான இன்னொரு சாலை இருப்பதால்தான். இது நமக்குத் தெரிந்த கதை. 2009-இல் நம் தீவில் தமரின் சாலை திறந்த பிறகு செந்-லெ வழியாகப் போகும் பழைய கடலோரச் சாலைக்கு மூச்சு விட இடம் கிடைத்தது இல்லையா? அங்கே பிரான்சில் மியோ ஊரில் 2004 டிசம்பரில் பெரிய பாலம் திறந்து, ஏ75 நெடுஞ்சாலை அதன் மேல் போகத் தொடங்கியது. அதுவரை கோடை விடுமுறையில் கார்கள் மணிக்கணக்கில் நின்ற பழைய என்9 தேசியச் சாலை அந்தஸ்து இறங்கி, டி809 என்ற மாவட்டச் சாலையாக மாறியது. அகலமான, வழவழப்பான சாலை, ஆனால் அவசரக்காரர்கள் எல்லாரும் மேலே பாலத்தில் போய்விடுகிறார்கள். வரைபடத்தில் இப்படி ஜோடியாக ஓடும் இரண்டு கோடுகளைத் தேடி, அதில் மெலிந்ததைப் பிடியுங்கள்.

கிளம்ப எட்டு மணி போதும். இங்கே போல வெயிலுக்குப் பயந்து இருட்டில் எழ வேண்டாம், ஏப்ரலில் காலை நன்றாகக் குளிரும். பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை ஊரே சாப்பாட்டு மேசையில் இருக்கும். அந்த இரண்டு மணி நேரம் சாலை முழுக்க உங்களுடையது.

*மொரீஷியஸில் நாங்கள் சாலையின் இடது பக்கம் போகிறவர்கள். அங்கே வலது பக்கம் ஓட்டுவது கஷ்டமா?*
— வாசகர், ரோஸ் ஹில்

நெரிசலில் கஷ்டமே இல்லை, முன்னால் போகிறவரைப் பார்த்துப் போய்விடுவீர்கள். ஆபத்து காலிச் சாலையில்தான். தண்ணீர் குடிக்க நிற்பீர்கள், படம் எடுப்பீர்கள், மறுபடி ஏறும்போது பழக்க தோஷத்தில் இடது பக்கம் போய்விடுவீர்கள். நினைவுபடுத்த ஒரு காரும் இருக்காது. வலது கைப்பிடியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிக்கொள்ளுங்கள். வாடகைச் சைக்கிளில் பிரேக்கையும் முதலில் பார்த்துவிடுங்கள், பிரான்சில் இடது கைப் பிரேக்தான் முன்சக்கரத்துக்கு. கிராமத்துக்குள் பலகை ஏதும் இல்லாத சந்திப்பில் வலது பக்கச் சந்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. கார் உங்களைக் கடக்கும்போது ஊருக்குள் 1 மீட்டர், ஊருக்கு வெளியே ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். கிராமத்தில் அநேகமாக விடுகிறார்கள்.

*வாந்தூ மலையை ஒரு தடவை சைக்கிளில் ஏற ஆசை. ஆனால் கூட்டம் பிடிக்காது.*
— வாசகர், செம்பியேர், ரெயூனியன்

இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது தம்பி. 1910 மீட்டர் உயரம், உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். ஜூலையில் பெதுவான் ஊர்ப் பக்கமிருந்து ஏறுகிறவர்களுக்குக் கணக்கே இல்லை. கட்டாயம் ஏறத்தான் வேண்டுமென்றால் சோ ஊரிலிருந்து ஏறுங்கள். 26 கிலோமீட்டர், மூன்று வழிகளில் அதுதான் மெதுவான ஏற்றம். கடைசி 6 கிலோமீட்டரில்தான் பெதுவான் கூட்டத்தோடு சேருவீர்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், மலையை விட்டுவிட்டு அதன் தெற்கே நெஸ்க் பள்ளத்தாக்குக்குப் போங்கள். வீல்-சுர்-ஓசோனிலிருந்து மோனியே வரை டி942, 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். மேலே சொன்ன ஜோடிச் சாலைக் கணக்கு இங்கே அப்படியே பலிக்கிறது. சோ ஊருக்கு அவசரமாகப் போகிறவர்கள் டி1 வழியாகத் தேனீக் கணவாயைத் தாண்டிப் போய்விடுவார்கள், பள்ளத்தாக்கின் விளிம்பு உங்களுக்கு மிஞ்சும். லேசான ஏற்றம், பாறையைக் குடைந்த சின்னச் சுரங்கங்கள், எதிரே மெழுகுப் பாறை என்று அழைக்கப்படும் பெரிய செங்குத்துச் சுவர். நம் தீவின் சிலாவோஸ் மலைச்சாலை வளைவுகளில் பழகிய உங்களுக்கு இது தாலாட்டு மாதிரி இருக்கும்.

காற்றைப் பார்த்துக் கிளம்புங்கள். மிஸ்திரால் வடக்கிலிருந்து ரோன் பள்ளத்தாக்கு வழியாக இறங்கும். நான் ஒரு மார்ச் மாதம் கார்பந்த்ரா பக்கம் இறக்கத்தில் பெடல் மிதித்துத்தான் கீழே வந்தேன். காலையில் எதிர்காற்றில் போய், மாலையில் காற்று முதுகைத் தள்ள வீடு திரும்புகிற மாதிரி வழியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

*லோசேர் பக்கம் ஆள் நடமாட்டமே இல்லையாமே, உண்மையா? தனியாகப் போனால் சோறு தண்ணீருக்கு என்ன செய்வது? நான் சைவம்.*
— வாசகி, செந்-மரி, ரெயூனியன்

உண்மைதான். லோசேர் மாவட்டம் நம் தீவைப்போல இரண்டு மடங்கு பரப்பு, ஆனால் ஜனத்தொகையில் நம்மில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஃப்ளோராக்கிலிருந்து டி16 வழியாக ஏறினால் கோஸ் மெஜான் என்ற பீடபூமி, சுமார் 1000 மீட்டர் உயரம். மரம் குறைவு. புல், கல், செம்மறி ஆடு, வானம். அந்த ஆட்டுப் பாலில்தான் ரோக்ஃபோர் சீஸ் செய்கிறார்கள். ஒரு மணி நேரம் ஓட்டியும் ஒரு காரைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

தண்ணீர்தான் பிரச்சனை. முழுக்கச் சுண்ணாம்புக் கல், பெய்கிற மழை எல்லாம் அடியில் இறங்கிவிடும். ஓடை இல்லை, கிணறு இல்லை. ஆடுகள் குடிக்கக் கல் பாவிய குட்டைகள் உண்டு, லவோஞ் என்பார்கள், அது மனிதர் குடிக்கிற தண்ணீர் அல்ல. ஒரு ஜூன் கடைசியில் இரண்டே பாட்டிலோடு ஏறிவிட்டேன். பதினொரு மணிக்கு இரண்டும் காலி. உதடு வெடித்து, தலை சுற்ற ஆரம்பித்த பிறகு ஒரு குக்கிராமம் வந்தது. கடை இல்லை, கதவு எல்லாம் சாத்தியிருந்தது. ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பாட்டி பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என் காலி பாட்டிலைப் பார்த்துவிட்டுக் குழாயைக் கையால் காட்டினார்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். காரைக்காலில் எங்கள் அம்மாச்சி, சுடுகாட்டுப் பக்கம் போய் வந்தவர்களைத் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் வீட்டுக்குள் விடமாட்டார். அங்கே போய் வாயில் தண்ணீர் வைப்பதா? பாட்டி என் தயக்கத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார். குழாயை அவரே திறந்து, கையில் பிடித்து முதலில் தான் குடித்துக் காட்டினார். அப்புறம் நான் குடித்தேன். பல்லைக் கூசவைக்கும் குளிர்ந்த தண்ணீர்.

அன்றிலிருந்து எந்த ஊருக்குள் போனாலும் முதலில் கல்லறைத் தோட்டம் எங்கே என்றுதான் பார்க்கிறேன், அநேகமாகக் குழாய் இருக்கும். 'ஓ நோன் பொத்தாப்ளு' என்று எழுதியிருந்தால் மட்டும் தொடாதீர்கள், குடிக்கத் தகாத தண்ணீர் என்று அர்த்தம். பீடபூமிக்கு மூன்று பாட்டில், இரண்டு ட்யூப், ஒரு பம்பு. நடுவில் சைக்கிள் கடை கிடையாது, போன் சிக்னலையும் நம்ப வேண்டாம்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. ஃப்ளோராக்கில் காலையிலேயே ரொட்டியும் பெலார்தோன் என்ற சின்ன வட்ட வெள்ளாட்டுப்பால் சீஸும் வாங்கிவிடுங்கள். திங்கட்கிழமை பல ரொட்டிக்கடைகள் பூட்டியிருக்கும், ஞாயிறு மதியமே அதற்கும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். நான் எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு போவேன், அந்தக் குளிருக்குச் சாயங்காலம் வரை கெடாது. நம் ஊர் மிளகாய் வடை, பொன்போன் பிமானும் நாலு போட்டுக்கொள்ளுங்கள், அங்கே காரத்துக்கு வழியே இல்லை.