“ரெண்டு வருஷம் பாத்துக்கோ, பாதிக் கடை உனக்கு” என்கிறார்: மகனை அனுப்பலாமா?

அன்புள்ள அம்மா,

பி.ஃபார்ம் முடித்து மூன்று வருடமாகச் சென்னையில் வேலை பார்க்கும் மகனை, அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் பெரியவர் கூப்பிடுகிறார். இப்போது மேனேஜர், பிறகு பாதிப் பங்கு. “பட்டணத்து வேலையை விட்டால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள். அதை விடுங்கள். எனக்கு இந்த வாய்ப்பு பிடித்திருக்கிறது. என் கவலையெல்லாம், பங்கு என்பது இன்னும் வாய்ப்பேச்சாகவே இருக்கிறதே என்பதுதான்.

முதலில் ஒன்று சொல்கிறேன். பதிவு பெற்ற மருந்தாளுநர் இல்லாமல் சில்லறை மருந்துக்கடை நடத்த முடியாது. கடைக்கு உங்கள் மகன் கொண்டுபோகிற மூலதனமே அந்தப் பதிவுதான். அதனால் வெறும் சம்பளக்காரராகப் பேரம் பேச வேண்டாம். உரிமத்தில் அவர் பெயர் ஏறிவிட்டால் கவுண்டரில் நடக்கும் ஒவ்வொரு தவறுக்கும் அவரும் பதில் சொல்ல வேண்டும். ஷெட்யூல் எச்1 மருந்து (டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய, சில ஆன்டிபயாடிக் போன்றவை) விற்றால் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். பெரியவர் இதுவரை அதை எழுதியிருக்கிறாரா என்று போன அன்றே பார்க்கட்டும். “சர்டிபிகேட் மட்டும் மாட்டி வை, நீ வரவேண்டாம்” என்ற பேச்சு எப்போது வந்தாலும் எழுந்து வந்துவிட வேண்டும்.

சரி, பங்குக்கு வருவோம். பெரியவர் நல்லவராகவே இருக்கட்டும். நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பேச வேண்டியது அவர் பிள்ளைகளிடம். அவர்களுக்கு இந்த வாக்கு தெரியுமா? வேலைக்குச் சேரும்போதே எத்தனை மாதத்தில், எத்தனை சதவீதம், என்ன விலைக்கு என்று எழுதி வாங்குங்கள். அந்த விலை இன்றைய கணக்கில் இருக்க வேண்டும். உங்கள் மகன் உழைத்துக் கடையைப் பெருக்கிய பிறகு, பெருகிய கடைக்கே அவர் விலை கொடுப்பது நியாயமில்லை. லாபம் எப்படிப் பிரியும் என்று எழுதாவிட்டால், 1932 ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி சமபங்கு, நட்டமும் அப்படியே. பங்குதாரர் மாறியதும் பழைய உரிமம் மூன்று மாதத்துக்குத்தான் செல்லும், அதற்குள் புது உரிமம் வாங்க வேண்டும். இதை மறந்து மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

வருமானத்தையும் பார்த்துவிடுவோம். விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகளுக்குச் சில்லறைக் கடையின் லாபம் வாங்கும் விலையில் 16 சதவீதம், அதாவது விற்கும் விலையில் சுமார் 14. மற்றவற்றில் பெரும்பாலும் விற்கும் விலையில் 20. மாதம் ஆறு லட்சம் விற்கிறது, சராசரியாக 16 சதவீதம் நிற்கிறது என்று வைத்தால் 96,000. அதில் வாடகை, இரண்டு பையன்கள் சம்பளம், கரண்ட், வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி எல்லாம் போக வேண்டும். 2025 பிப்ரவரியில் தமிழக அரசின் மலிவு விலை மருந்துக்கடைகளான முதல்வர் மருந்தகங்கள் ஆயிரம் திறந்தார்கள். அந்த ஊரில் ஒன்று இருந்தால் சுகர், பிரஷர் மாத்திரை வாங்குகிறவர்களில் ஒரு பகுதி அங்கே போகும். இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்று வருட வரிக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் காகிதம் சொல்லாததைக் கடை சொல்லும். பின்பக்க அலமாரியில் எக்ஸ்பைரி ஆன சரக்கு அட்டைப்பெட்டியில் கிடக்கும். ஸ்டாக்கிஸ்ட் (கடைக்குச் சரக்கு கொடுக்கும் மொத்த வியாபாரி) திருப்பி எடுக்காமல் நின்றது எவ்வளவு என்று மகன் எண்ணிப் பார்க்கட்டும். கல்லாவுக்குக் கீழே கடன் நோட்டு இருக்கும். அறுவடைக்குத் தருகிறேன் என்று போன பெயர்கள் அதில் வரிசையாக நிற்கும். வரும் கடன் எது, வராத கடன் எது என்று பெரியவரே பென்சிலால் குறித்துத் தரட்டும். இன்சுலின் இருக்கும் ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி நிற்கிறதா, கரண்ட் போனால் என்ன செய்கிறார்கள் என்பதையும் கேட்கலாம்.

இன்னொன்று, பக்கத்து கிளினிக். எந்த டாக்டரின் சீட்டு அதிகம் வருகிறது? அவர் வேறு ஊருக்குப் போய்விட்டால் கடை எதை நம்பி நிற்கும்?

வேலையை இப்போதே விட வேண்டாம். ஒரு வாரம் லீவு போட்டுப் போகட்டும். அந்த ஏழு நாளில் ஊர்ச் சந்தை நாளும் வரும். அன்று சாயங்காலம் கவுண்டரில் நின்று, முழு அட்டை வாங்குகிறவர் எத்தனை பேர், “ரெண்டு நாளைக்கு மட்டும் குடுப்பா” என்கிறவர் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டு வரட்டும். அந்தக் கணக்கோடு எனக்கு எழுதுங்கள். எழுதி வாங்க வேண்டிய ஒப்பந்தத்தை வரி வரியாகப் பார்ப்போம்.