அட்டையின் கீழ் ஓரம்

அன்புள்ள ஐயா,

போன வாரம் பக்கத்துத் தெரு கராஜ் சேலில் ஒரு ஷூ டப்பா நிறைய பழைய படத் தபால் அட்டைகள் கிடந்தன. இங்கே கடலோர உல்லாச ஊரான அட்லாண்டிக் சிட்டியின் மார்ல்பரோ-பிளென்ஹைம் ஹோட்டல் படம் போட்ட ஒன்றை எடுத்து வந்தேன். கடலைப் பார்த்து ஒரு பெரிய குவிமாடம், ரோஜா நிறத்தில் வானம். படத்துக்குக் கீழேயே ஏதோ கிறுக்கியிருக்கிறது, பின்பக்கம் முகவரி மட்டும்தான். தேடிப் பார்த்தால் அந்த ஹோட்டலே இப்போது இல்லையாம், மனசு ஆறவில்லை. அட்டைக்கு என்ன வயது இருக்கும்? அந்த நிறமெல்லாம் நிஜமா? இவ்வளவு அழகை ஏன் இடித்தார்கள்? விலை ஏதாவது போகுமா?

ஆர்., நியூ ஜெர்சி

அன்புள்ள ஆர்.,

வயதுக்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவில் 1907 மார்ச் 1 வரை தபால் அட்டையின் பின்பக்கத்தில் முகவரி தவிர வேறெதுவும் எழுதக் கூடாது, சேதி சொல்ல ஆசைப்பட்டால் படத்தின் ஓரத்து வெள்ளையில் நுணுக்கி நுணுக்கி எழுத வேண்டியதுதான். குவிமாடம் வைத்த பிளென்ஹைம் பகுதி திறந்ததோ 1906இல். ஆக உங்கள் அட்டை அந்த ஒரு வருடத்தை ஒட்டி அச்சானது. பழைய இருப்பைப் பிறகும் விற்றிருப்பார்கள், அதனால் தபாலில் என்றைக்குப் போனது என்பதற்கு முத்திரையைப் பாருங்கள்.

நிறம் நிஜமில்லை. எடுத்தது கறுப்பு வெள்ளைப் புகைப்படம்தான். அந்தக் காலத்தில் அமெரிக்க அட்டைகளில் பெரும்பங்கு ஜெர்மனியில் அச்சாகி வந்தது, அங்கே நிறம் ஏற்றியவர் நியூ ஜெர்சிக் கடலைக் கண்ணால் கண்டிருக்கப் போவதில்லை. பகலில் எடுத்த அதே படத்தைக் கருநீலமாக்கி, மேலே ஒரு நிலாவை ஒட்டி, ஜன்னலுக்கு ஜன்னல் மஞ்சள் வைத்து 'நிலவொளியில் ஹோட்டல்' என்று இன்னொரு அட்டையாகவும் விற்பார்கள். பிற்பாடு சிகாகோவின் கர்ட் டைக் கம்பெனி இதைப் பெரிய தொழிலாகவே செய்தது, தந்திக் கம்பம் வேண்டாமென்றால் அழித்துக் கொடுப்பார்கள், மேகம் வேண்டுமென்றால் போட்டுக் கொடுப்பார்கள். (அவர்கள் அட்டை டப்பாவில் இருந்தால் எண்ணைப் பாருங்கள். 4ஏ என்று தொடங்கினால் 1934, 4பி என்றால் 1944.)

அதனால் ஹோட்டலைப் பார்ப்பதற்காக இந்த அட்டைகளை நான் வாங்குவதில்லை, அது முதலாளி காட்ட நினைத்த ஹோட்டல். நான் பார்ப்பது கீழ் ஓரத்தை. வானத்துக்கும் குவிமாடத்துக்கும் இவ்வளவு மெனக்கெட்டவர்கள் கீழே நடைபாதையில் போகிற ஜனங்களை அநேகமாக அப்படியே விட்டுவிட்டார்கள். ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். மரப்பலகை போட்ட போர்டுவாக்கில் பிரம்பு நாற்காலி வண்டிகள் போகும். உள்ளே தொப்பி வைத்த சீமாட்டிகள் சாய்ந்திருப்பார்கள், பின்னால் நின்று தள்ளுகிறவர் அநேகமாகக் கறுப்பினத்தவராக இருப்பார். ஹோட்டல்களில் பரிமாறியதும் பெட்டி தூக்கியதும் பெரும்பாலும் அவர்கள்தான். ஆனால் அதே ஹோட்டலில் காசு கொடுத்தாலும் அறை கிடையாது. ஹோட்டல்களுக்கு எதிரே இருந்த கடற்கரையிலிருந்தும் ஒதுக்கி மிசௌரி அவென்யூ பக்கம் அனுப்பினார்கள், அந்த இடத்துக்கு 'சிக்கன் போன் பீச்' என்று பேர். அட்டையின் தலைப்பில் இவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அழிக்கத் தோன்றாததால் படத்தில் மட்டும் தங்கிவிட்டார்கள்.

ஏன் இடித்தார்கள் என்றால், ஆள் வரவில்லை, அவ்வளவுதான். ரயிலேறி வந்து வாரக்கணக்கில் தங்கிய குடும்பங்கள், விமானமும் ஏசியும் வந்ததும் ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டன. 1964இல் ஜனநாயகக் கட்சி மாநாடு அங்கே நடந்தபோது வந்திறங்கிய பத்திரிகைக்காரர்கள் அறைகளின் லட்சணத்தை ஊருக்கே சொல்லிவிட்டார்கள். 1972இல் அதே ஊரின் இன்னொரு பெரிய ஹோட்டலான டிரேமோருக்கு வெடி வைத்து இடித்தார்கள். 1976இல் சூதாட்டத்துக்கு வாக்கெடுப்பில் அனுமதி கிடைத்தது, 1978இல் உங்கள் பிளென்ஹைமும் போனது, அந்த இடத்தில் ஒரு கேசினோ எழுந்தது. அட்லாண்டிக் சிட்டித் தெருக்களின் பெயரில் இடம் வாங்கி விற்கும் மோனோபோலி விளையாட்டை நீங்கள் ஆடியிருந்தால் இந்த இடத்தை ஏற்கெனவே வாங்கியிருப்பீர்கள், பார்க் பிளேஸும் போர்டுவாக்கும் சந்திக்கிற பக்கம்தான் அது. எனக்கும் வருத்தம்தான், அந்தக் குவிமாடம் கான்கிரீட்டில் செய்த அதிசயம். ஆனால் எல்லோருக்கும் திறந்திருந்த அழகு போலப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

விலை? பெரிதாக ஒன்றும் போகாது. அட்லாண்டிக் சிட்டி அட்டைகள் மலை மலையாக அச்சானவை, சில டாலர் கிடைத்தால் அதிகம். ஹோட்டல் ஜன்னல் ஏதாவது ஒன்றில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், 'நாங்கள் தங்கியிருப்பது இந்த அறையில்' என்று காட்ட அப்படிப் போடுவார்கள். இருந்தால் ஸ்கேன் செய்து அனுப்புங்கள். தயவுசெய்து லேமினேட் செய்துவிடாதீர்கள்.