என்ஜினுக்குள் விழுந்த நட்டு, வாஷர், ஸ்க்ரூ: பைக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பல ஒரே விஷயத்தைப் பற்றியவை. வீட்டு வாசலில் பைக்கைப் பிரித்து வேலை பார்க்கும்போது ஏதோ ஒரு சின்னப் பொருள் கை நழுவி உள்ளே போய்விடுகிறது. எல்லாருக்கும் பொதுவாக முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். விழுந்தது எங்கே இருக்கிறது என்று தெரியும்வரை என்ஜின் ஒரு சுற்றுகூடச் சுற்றக் கூடாது. சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் டார்ச் எடுக்க உள்ளே போன நேரத்தில் வீட்டுப் பிள்ளை செல்ஃப் பட்டனை அமுக்கிவிட்டால் கதையே மாறிவிடும்.

ஸ்ப்ளெண்டரில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியபோது ஒரு சின்ன ஸ்பிரிங் வாஷர் பிளக் துளைக்குள் விழுந்துவிட்டது. பிளக் இல்லாமலே நாலு கிக் அடித்தால் காற்றோடு வெளியே வந்துவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

வேண்டவே வேண்டாம். பிஸ்டன் மேல் எல்லைக்கு வரும்போது, அதன் ஓரத்துக்கும் சிலிண்டரின் மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி மிகச் சிறியது. வாஷர் அங்கே மாட்டினால் அலுமினியப் பிஸ்டன் குழிந்துபோகும், சிலிண்டர் சுவரில் கீறல் விழும். வால்வு திறந்திருக்கும் நேரத்தில் அது மூடி உட்காரும் சீட்டில் வாஷர் போய் மாட்டினால் வால்வே வளையலாம். நூறு ரூபாய்கூடப் பெறாத தவறு, பிஸ்டனும் வால்வும் மாற்றுகிற செலவில் போய் நிற்கும்.

ஸ்ப்ளெண்டரின் சிலிண்டர் ஏறக்குறைய படுத்த நிலையில் இருக்கும். அதனால் நேராக நிற்கும் என்ஜின்களைப் போல வாஷர் பிஸ்டன் தலையில் கிடக்காது, சிலிண்டரின் கீழ்ப்பக்கச் சுவரில்தான் கிடக்கும். டார்ச்சை அந்தப் பக்கம் சாய்த்துப் பாருங்கள். போனில் செருகிப் பார்க்கும் சின்னக் குழாய்க் கேமரா இருந்தால் இன்னும் நல்லது. வாங்கும்போது அதன் தலை பிளக் துளைக்குள் நுழையும் அளவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங் வாஷர் இரும்பு, ஆகவே காந்தம் பிடிக்கும். ஆன்டெனா போல நீளும் காந்தக் குச்சி ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது. ஒரு சிக்கல் என்னவென்றால் சிலிண்டரின் உள்சுவரும் வார்ப்பிரும்பு. காந்தம் வாஷரைத் தேடிப் போகாமல் சுவரிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். அதற்கு, குச்சியின் மேல் ஒரு ஸ்ட்ராவையோ ஒயர் ஸ்லீவையோ மாட்டி, காந்தத்தின் நுனி மட்டும் வெளியே தெரியும்படி விடுங்கள். பக்கவாட்டு இழுப்பு குறைந்துவிடும், நுனி சொன்ன இடத்துக்குப் போகும்.

வாஷர் எட்டாத தூரத்தில் கிடந்தால், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மிக மெதுவாக முன்பக்கமாகத் திருப்புங்கள். பிஸ்டன் வாஷரை ஹெட் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். பிளக் இல்லாததால் சக்கரம் லேசாகத்தான் சுற்ற வேண்டும். சின்னதாக ஒரு தடை தட்டினாலும் அங்கேயே நிறுத்திக் கொஞ்சம் பின்னால் திருப்புங்கள். இவ்வளவுக்கும் வரவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றுவதுதான் வழி. இந்த என்ஜினில் அது பெரிய வேலை இல்லை. ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே வரும் புது ஹெட் கேஸ்கெட் மட்டும் கண்டிப்பாகப் போடச் சொல்லுங்கள்.

பழைய புல்லட்டில் கார்புரேட்டரைச் சுத்தம் செய்தபோது ஒரு ஜெட் (பெட்ரோல் அளவாகப் போகும் துளையுள்ள சின்னத் திருகு) இன்லெட் குழாய்க்குள் உருண்டு போய்விட்டது. காந்தம் வேலை செய்யவில்லை.

செய்யாது. ஜெட் பித்தளை. பித்தளை, அலுமினியம், செம்பு, எவர்சில்வர் வகை போல்ட்டுகளில் பல, இவை எதையும் காந்தம் இழுக்காது. ஒரு கம்பியின் நுனியில் கெட்டியான கிரீஸை உருட்டி வைத்து, ஜெட்டின் மேல் அழுத்தி, அவசரப்படாமல் இழுங்கள். ஜெட் ஈரமாக இருந்தால் கிரீஸ் ஒட்டாது, காயும்வரை பொறுத்திருங்கள்.

பலர் வாக்குவம் கிளீனரை வைத்து இழுக்கலாமா என்று கேட்கிறார்கள். பெட்ரோல் வாசனை இருக்கும் இடத்தில் அது மிக ஆபத்து. அதன் மோட்டாரில் தீப்பொறி வரும், இழுக்கும் காற்று பெட்ரோல் ஆவியோடு அதைத் தாண்டித்தான் போகிறது. வாயால் உறிஞ்சுவதும் கூடாது.

பல்சரில் டேப்பட் (வால்வு இடைவெளி) செட் செய்யும்போது லாக் நட்டு ஒன்று, வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் இறங்கும் பள்ளத்துக்குள் விழுந்துவிட்டது.

இதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் இடம். அந்தப் பள்ளம் நேராக என்ஜினின் வயிற்றுக்குள் போகிறது. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான பைக்குகளில் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில், ஒரே கூடு. நட்டு கீழே இறங்கிக் கியர்ப் பற்களுக்கு நடுவே போய் மாட்டினால் கேஸே பிளந்துவிடும். "அடியில் சும்மா கிடக்கட்டும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

முதலில் மேலிருந்து பாருங்கள். பல சமயம் நட்டு முழுக்க இறங்காமல் செயினுக்கும் கைடுக்கும் நடுவே தங்கி நிற்கும். ஸ்லீவ் மாட்டிய காந்தக் குச்சியைச் செயின் ஓரமாக இறக்குங்கள். கிடைக்கவில்லை என்றால் ஆயிலைச் சுத்தமான டப்பாவில், வலை போட்டு வடியுங்கள். டிரெயின் துளை வழியாகவும் காந்தத்தை விட்டுப் பாருங்கள்.

அப்புறம் மேக்னட், அதாவது மின்சாரம் உண்டாக்கும் பகுதி, இருக்கும் பக்கத்துக் கவர். பல என்ஜின்களில் டைமிங் செயின் அந்தப் பக்கமாகத்தான் இறங்குகிறது. கவரைத் திறந்ததும் கண்ணுக்கு நட்டு தெரியவில்லை என்றால், மேக்னட்டின் சுழலும் பாகமான ரோட்டரின் உள்பக்கத்தைச் சோதிக்காமல் மூடாதீர்கள். அதற்குள் இருப்பது பலமான காந்தம். காணாமல் போன நட்டோ வாஷரோ அங்கே ஒட்டிக்கொண்டு, காயிலுக்குப் பின்னால் மறைந்திருக்கும். தெரியாமல் மூடி ஸ்டார்ட் செய்தால் காயில் சுற்றுகளை அது அறுத்துவிடும்.

டேப்பட் மூடியைத் திறந்த உடனே அந்தப் பள்ளத்தைத் துணியால் அடைத்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது. பனியன் வேஸ்ட் வேண்டாம், நூல் பிரிந்து ஆயிலில் கலக்கும். பழைய வேட்டித் துண்டு போதும். ஒரு முனை வெளியே நன்றாகத் தொங்கட்டும்.

ஆக்டிவாவின் ஃபேன் கவருக்குள் ஸ்க்ரூ போய்விட்டது. வண்டி ஓடுகிறது, லேசாகச் சத்தம் மட்டும் வருகிறது.

ஓட்டாதீர்கள். அந்த ஃபேன் பிளாஸ்டிக், இறக்கை உடைந்தால் என்ஜினுக்குக் குளிர்காற்று குறையும். கவரின் ஸ்க்ரூக்களைக் கழற்றினாலே கைக்கு எட்டிவிடும், வீட்டிலேயே செய்யலாம்.

பெட்ரோல் டேங்க் மூடியின் ஸ்க்ரூ டேங்குக்குள் விழுந்துவிட்டது. உடனே எடுக்க வேண்டுமா?

இதில் அவசரம் இல்லை. டேங்கிலிருந்து வெளியே போகும் வழியில் சல்லடை இருக்கிறது, ஸ்க்ரூ அதைத் தாண்டி என்ஜினுக்குப் போகாது. ஆனால் இரும்பு ஸ்க்ரூ துருப்பிடித்தால் அந்தத் தூள் சல்லடையை அடைக்கும். பெட்ரோல் குறையும்வரை காத்திருந்து எடுத்துவிடுங்கள்.

டேங்கும் இரும்பு என்பதால் நூலில் கட்டி இறக்கிய காந்தம் சுவரில் ஒட்டிக்கொண்டு வம்பு செய்யும். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் மிச்சப் பெட்ரோலை வடித்து, டேங்கைக் கழற்றி, கவிழ்த்துக் குலுக்குவது சுலபம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு வாங்கிய பைக் என்றால் அநேகமாக ஃபியூயல் இன்ஜெக்ஷன், பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கும். பெட்ரோல் குழாயில் அழுத்தம் இருப்பதால் அதைக் கழற்றும் வேலையைச் சர்வீஸ் சென்டரில் விடுங்கள்.

எந்த வண்டியானாலும் இந்த வேலையைத் திறந்தவெளியில் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போகும். உள்ளறையில் எரியும் பூஜை விளக்குக்கும் கேஸ் அடுப்புக்கும் அது போய்ச் சேரும்.

செயினின் இரு முனைகளை இணைக்கும் லாக்கின் கிளிப் துள்ளி எங்கோ போய்விட்டது. கம்பி சுற்றிக்கொண்டு கடைவரை ஓட்டலாமா?

கூடாது. ஓட்டத்தில் செயின் கழன்றால் பின் சக்கரமே பிடித்துக்கொள்ளலாம். கிளிப் மலிவானது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். மாட்டும்போது அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். பழைய கிளிப் செயின் கவருக்குள்ளோ முன் ஸ்ப்ராக்கெட்டிலோ கிடக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

உள்ளே விழுந்ததா, தரையில் விழுந்ததா என்றே தெரியவில்லை. என்ன செய்வது?

தரையை முதலில் முடியுங்கள். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து அடித்தால் சின்ன வாஷருக்கும் நீளமான நிழல் விழும், சட்டென்று தெரியும். என்ஜின் ஃபின்களின் இடுக்கு, ஸ்டாண்டின் மடிப்பு, உங்கள் லுங்கி மடிப்பு எல்லாவற்றையும் பாருங்கள். எங்கும் இல்லை என்றால் உள்ளே இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குக் கொண்டுபோகக் கூச்சமாக இருக்கிறது. மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

நடந்ததை அப்படியே சொல்லுங்கள். என்ன விழுந்தது, எந்தத் துளை வழியாக, அதற்குப் பிறகு கிக் அடித்தீர்களா, எவ்வளவு தூரம் தேடினீர்கள். மறைத்தால் அவர் வழக்கம்போல முதலில் செல்ஃப் போட்டுத்தான் பார்ப்பார். விழுந்ததைப் போன்ற இன்னொரு நட்டு இருந்தால் கையில் எடுத்துப் போங்கள், காந்தம் பிடிக்குமா என்பது உடனே தெரிந்துவிடும். பைக்கை நியூட்ரலில் தள்ளிக்கொண்டு போங்கள். தூரம் அதிகம் என்றால் டாட்டா ஏஸில் ஏற்றி அனுப்புங்கள்.